முழுகாமல் பதினான்கு நாள்

அத்தியாயம் 7

காணாமல் போன நாய் கர்ப்பமாக இருக்கிறது என்று முத்துக்குமாரு சொன்னார். சொன்னபோது அவர் முகத்தில் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் தூக்கலாகத் தெரிந்தது. ஜெயந்தினி அதைக் கவனித்து மனதுக்குள் போட்டு வைத்தாள்.

சுங்கை பட்டாணியில் சைக்கிள் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அவள் அலுவலகம். இருபத்து மூன்று வருஷம் காப்புறுதிக் கம்பெனியில் விபத்துகளையும் மரணங்களையும் விசாரித்துவிட்டு, ஐம்பது வயதில் வெளியே வந்து துப்பறிவாளர் என்று சொந்தப் பலகை மாட்டிக்கொண்டவள். உதவிக்கு வாசுகி. சுங்கை லாலாங் தோட்டத்தில் பிறந்தவள், மூன்று தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவள், மூன்றிலும் வாயால் வேலை போனவள். அந்த வாய்தான் இங்கே அவளுக்குத் தகுதி.

"காணேல்ல எண்டுதானே போன கிழமை சொன்னீங்கள், அங்கிள்? இப்ப பிள்ளைத்தாச்சி எண்டு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் ஜெயந்தினி.

முத்துக்குமாருக்கு எழுபத்து நான்கு வயது. வடிகால் நீர்ப்பாசன இலாகாவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். "நாயை வளர்க்கிற இருளப்பன்ட வீட்டுக்குப் போனன். அவன் இல்லை. பக்கத்து வீட்டு மனுசன் கதவைத் திறந்து விட்டவர். சுவரில இது."

படத்தில் ஒரு மாதக் காலண்டரின் கட்டங்கள். மூன்றாம் தேதிக் கட்டத்தில் சிவப்பு மையில், 'தீட்டா, முழுகாம 1.' அடுத்ததில் 'முழுகாம 2.' அப்படியே, இன்னும் வராத நாட்களையும் நிரப்பிக்கொண்டு போய்ப் பதினாறாம் தேதியில் 'முழுகாம 14.' பதினேழில் ஒரே சொல்: 'தண்ணி.' அதற்குப் பிறகு கட்டங்கள் வெறுமையாக இருந்தன.

"தீட்டாவா?" வாசுகி எட்டிப் பார்த்தாள். "நாய்க்கு வெக்கிற பேரா லா இது? வீட்டு வாசல்ல நின்னு கூப்பிட்டா அக்கம்பக்கத்துக்காரங்க என்னா நெனைப்பாங்க?"

"என்ட மனுசி கணக்கு டீச்சர்," என்றார் முத்துக்குமாரு. "ஆல்ஃபா, பீட்டா எண்டு கிரேக்க எழுத்துகளின்ட பேர்தான் எல்லா நாய்க்கும் வைக்கிறவள். ஆறு தலைமுறை ஜெர்மன் ஷெப்பர்ட். எல்லாம் ஞானம் வளர்த்த வழி, ஒரே வம்சம்." அவர் மனைவி ஞானம்மா இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அவள் பேரைச் சொன்னதும் குரல் ஒரு படி இறங்கி, பிறகு ஏறியது. "முழுகாமல் இருக்கிறாள் எண்டால் என்ன அர்த்தம், பிள்ளை? எங்கட ஆக்கள் வேற என்னத்துக்கு அப்படிச் சொல்லுவினம்?"

வாசுகி ஜெயந்தினியைப் பார்த்தாள்.

"மாசத் தீட்டு நின்னா தலைக்குக் குளிக்க வேணாம். அதனால முழுகாம இருக்கான்னா மாசமா இருக்கான்னு அர்த்தம்," என்றாள் ஜெயந்தினி.

"அலாமா! நாய்க்கு மாசாமாசம் யாரு தலைக்கு ஊத்துறா, அக்கா?"

ஜெயந்தினி சிரிக்கவில்லை. கேள்வி வேடிக்கையானதுதான், ஆனால் சரியான இடத்தில் குத்தியது. "நாய் அறுபத்து மூண்டு நாள் சுமக்கும். இவர் ஏன் பதினாலோட எண்ணுறதை நிப்பாட்டினார்?"

"அது எனக்குத் தெரியாது."

"கடைசில 'தண்ணி'ன்னு போட்டிருக்காரே," என்றாள் வாசுகி. "எங்க தோட்டத்துல தண்ணின்னா ஒரே அர்த்தம்தான். பெரியவரு பதினாலு நாள் விரதம் இருந்துட்டு, பதினஞ்சாம் நாளு ஊத்தப் போறாரு போல."

"இருளப்பன் குடிக்கிறேல்ல," என்றார் முத்துக்குமாரு சட்டென்று.

தான் சந்தேகப்படுகிறவனுக்காகவே இவ்வளவு வேகமாகச் சாட்சி சொல்கிறாரே என்று ஜெயந்தினி நினைத்தாள்.

அவர் ஒரு தாளை விரித்தார். ஆறு வருஷத்துக்கு முன், தீட்டா குட்டியாக இருந்தபோது, ஞானம்மா தன் கைப்பட எழுதிய ஒப்பந்தம். நாய் இருவருக்கும் சொந்தம். இருளப்பன் வீட்டில் வளரும். இரண்டு பேர் கையெழுத்தும் இல்லாமல் எந்த ஆண் நாயோடும் சேர்க்கக் கூடாது. கீழே இரண்டு கையெழுத்து. ஞானம்மா முத்துக்குமாரு. இருளப்பன் த/பெ சின்னையா.

"உங்கட பேர் இதில இல்லையே, அங்கிள்."

"அவளின்ட பாதி எனக்குத்தானே?"

ஜெயந்தினி தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இருளப்பன் முப்பது வருசம் எங்கட வீட்டுத் தோட்டத்தைப் பார்த்தவன். நாய்கள் முழுக்க அவனும் ஞானமும்தான். நான் குற்றம் சொல்ல வரேல்ல." கைகளை மடியில் கோத்துக்கொண்டார். "இந்த மாதம் தீட்டாவுக்குப் பருவம் வரும், ஒருக்கா சேர்ப்பம் எண்டு கேட்டன். பார்ப்பம் ஐயா எண்டான். பிறகு நாயைக் காணேல்ல எண்டு போன் பண்ணினான். கள்ளமாச் சேர்த்திருக்கிறான் எண்டு இப்ப தெரியுது. போகட்டும். எந்த நாயோட எண்டாலும் போகட்டும். தீட்டாவுக்கு ஆறு வயசு, இதுதான் கடைசி ஈத்து. ஞானத்தின்ட வழியில ஒரு பெட்டைக் குட்டி எனக்கு வேணும். என்ட தங்கச்சி மகளுக்குக் குடுத்த குட்டி லாரியில அடிபட்டுச் செத்திட்டுது. வீட்டில சிக்மா நிக்கிறான், தீட்டாவின்ட மகன். ஆனா வழி பெட்டையிலதான் நிக்கும் எண்டு அவள் சொல்லுவாள். கண்டுபிடிச்சுத் தாங்கோ, பிள்ளை. அவனைப் பொலிசில குடுக்க மாட்டன்."

அவர் படியிறங்கிப் போன சத்தம் அடங்கியது.

"பாவம்கா," என்றாள் வாசுகி. "பொண்டாட்டிக்குப் பதிலா ஒரு நாய்க்குட்டி கேக்குறாரு."

"பதிலா இல்ல. மிச்சமா," என்றாள் ஜெயந்தினி, கார்ச் சாவியை நீட்டி. "காடிய எடு."

*

இருளப்பனின் வீடு சுங்கை லாலாங்கில், செம்பனை மரங்கள் முடிந்து தாமான் குடியிருப்பின் வரிசை வீடுகள் தொடங்கும் இடத்தில் கடைசி வீடு. பக்கத்து வீட்டு நடராஜா, ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி ஓய்ந்தவர், சாவியோடு வந்தார்.

"போலீஸா?"

"போலீஸ் மாதிரியா இருக்கு எங்களப் பாத்தா?" என்றாள் வாசுகி. "அவங்களுக்குத் தொப்பை இருக்கும்ண்ணே."

நடராஜா சிரித்துவிட்டார். சிரிப்பு வந்தபின் பேச்சு தானாக வந்தது. "நல்ல மனுசன்மா. ஆனா ஒரு மாதிரி. ரெண்டு வருசமா ஞாயித்துக்கெழமையானா மோட்டர எடுத்துக்கிட்டு எங்கயாச்சும் போயிருவான். கோலா கெத்திலு, பீடோங்கு, ஒரு தடவ அலோர் ஸ்டாரு வரைக்கும். எங்கடா போறன்னு கேட்டா, பேரப்புள்ளைங்கள பாக்கப் போறேன்னுவான்."

"அதுல என்னா மாதிரி?"

"அவனுக்குக் கல்யாணமே ஆவலம்மா!"

வாசுகி வாயைத் திறந்து, ஜெயந்தினியின் கண்ணைப் பார்த்து, மூடிக்கொண்டாள்.

வீட்டுக்குள் ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் அந்தக் காலண்டர். முத்துக்குமாரு கட்டங்களை மட்டும் படம் பிடித்திருந்தார். கட்டங்களுக்கு மேலே இருந்த விளம்பரத்தை விட்டுவிட்டார். பிள்ளையார் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், 'பொன்னி மளிகை, யான்.'

"சுங்கை லாலாங்ல இருக்கறவருக்கு யான் ஊரு மளிகைக் கடை எதுக்கு காலண்டர் குடுக்குது?" என்றாள் ஜெயந்தினி.

"தங்கச்சி செல்லாயி குடுத்திருக்கும்," என்றார் நடராஜா. "அங்கதான் கட்டிக் குடுத்தாங்க."

இடம் தெரிந்துவிட்டது. ஆனால் 'முழுகாம'வின் அர்த்தம் இன்னும் தெரியவில்லை. ஜெயந்தினி பின்பக்கம் போனாள். நாயைக் கட்டும் இடம் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. குழாயடியில் ஒரு பழைய பிஸ்கட் தகரம். திறந்தாள். நாய்ச் சோப்பு, சீப்பு, மடித்த துவாலை. மூடியின் உட்புறம் வெள்ளைத் தாள் ஒட்டி, ஒப்பந்தத்தில் பார்த்த அதே நேர்த்தியான கையெழுத்தில் எழுதியிருந்தது: 'முழுக்குச் சாமான்.'

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அப்படியே குந்தியிருந்தாள். ஒரு டீச்சரும் ஒரு தோட்டக்காரனும் முப்பது வருஷம் வீட்டின் பின்பக்கத்தில் நாய்களைக் குளிப்பாட்டியிருக்கிறார்கள். அவர்களுக்குள் அதற்கு ஒரு சொல் இருந்திருக்கிறது. வீட்டின் முன்பக்கத்தில் இருந்தவருக்கு அந்தச் சொல் எட்டவில்லை.

"அக்கா, இங்க பாருங்க. பெரியவரு புது ஃபேஷன் கண்டுபிடிச்சிருக்காரு." வாசுகி கொடியிலிருந்து ஒரு டீ-சட்டையை எடுத்து விரித்தாள். மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடுத்த மஞ்சள் சட்டை. கையும் கழுத்தும் கத்தரித்திருந்தது. முதுகுப் பக்கம், கீழே, வட்டமாக ஒரு ஓட்டை. ஓட்டை கோணலாகப் போனதால் ஒதுக்கிப் போட்ட சட்டை என்று தெரிந்தது.

"இந்த ஓட்டை எதுக்குக்கா?"

"வாலுக்கு." ஜெயந்தினி எழுந்தாள். "வாசுகி, உன் மக பொறந்தப்ப ஆப்பரேசன்தானே? அப்ப டாக்டர் என்ன சொன்னாரு? குளிக்கறதப் பத்தி?"

"தையலு நனையக் கூடாது, ரெண்டு வாரத்துக்குத் தண்ணி..." வாசுகி பாதியில் நின்றாள். கையிலிருந்த சட்டையைப் பார்த்தாள். நாய் தையலை நக்காமலிருக்க மாட்டிவிடும் சட்டை. "பதினாலு நாளு! அக்கா, அதுக்கு ஆப்பரேசனா? குட்டியவா எடுத்துட்டாங்க?"

"குட்டிய இல்ல. குட்டி வர்ற எடத்த."

*

யானுக்குப் போகும் வழியெல்லாம் ஜெராய் மலை வலது பக்கம் கூடவே வந்தது. வாசுகி வழக்கமாகக் காடியில் வானொலியோடு சேர்ந்து பாடுவாள். அன்று வானொலியை அணைத்துவிட்டாள்.

"அந்தக் காயிதத்துல ரெண்டு கையெழுத்து வேணும்னு இருக்கே. இருளப்பன் பெரியவரு மாட்டிக்குவாரு இல்ல?"

"சேர்க்கறதுக்குத்தான் ரெண்டு கையெழுத்து. சேர்க்காம இருக்கறதுக்கு ஒண்ணு போதும். டீச்சர் அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"தெரிஞ்சா எழுதினாங்க?"

அந்தக் கேள்வி ஜெயந்தினியின் மடியில் விழுந்து கிடந்தது. காப்புறுதி நாட்களில் அவள் நிரப்பிய ஒவ்வொரு படிவத்திலும் 'காரணம்' என்று ஒரு பகுதி இருக்கும். ஒருமுறை ஓர் இளம் விதவையின் வீட்டில் உட்கார்ந்து, அவள் புருஷன் படகிலிருந்து தவறி விழவில்லை, தானாகவே கடலில் குதித்துச் செத்தான் என்று சொன்னாள். சொன்னது உண்மை. படிவத்தையும் சரியாகத்தான் நிரப்பினாள். அந்தப் பெண் எழுந்து போய், ஜெயந்தினிக்காகப் போட்ட தேநீரைத் தொட்டியில் கொட்டினாள். இருபது வருஷமாகியும் அந்தத் தண்ணீர்ச் சத்தம் ஜெயந்தினியின் காதை விட்டுப் போகவில்லை. உண்மையைக் கண்டுபிடிக்கத் தனக்குக் கூலி கொடுக்கிறார்கள். கண்டுபிடித்ததை என்ன செய்வது என்பதற்கு யாரும் கொடுப்பதில்லை.

செல்லாயியின் வீடு வயல் வாய்க்காலை ஒட்டி இருந்தது. வாசலிலேயே அவள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நாயா? எங்க வீட்ல நாயே இல்லம்மா. எங்களுக்கு நாய்னாலே ஆவாது."

அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு நீண்ட மூக்கு எட்டிப் பார்த்தது. பிறகு முழு நாயும் வந்தது. கண்ணுக்கு மேல் மை தீட்டியதுபோல் கறுப்பு, கம்பீரமான நடை. உடம்பில் மஞ்சள் டீ-சட்டை. முதுகில் 'அன்னதானக் குழு' என்று அச்சடித்திருந்தது.

"அப்ப இது யாரு, அக்கா?" என்றாள் வாசுகி. "குழுத் தலைவரா?"

செல்லாயி திரும்பி உள்ளே பார்த்தாள். உள்ளிருந்து இருளப்பன் வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். ஒடிசலான மனிதர். ஓடவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "உக்காருங்கம்மா. ஐயா அனுப்பிச்சாங்களா?" என்று கேட்டுவிட்டு, நாயின் சட்டையை இழுத்துச் சரி செய்தார்.

"தையல் எப்படி இருக்குண்ணே?" என்றாள் ஜெயந்தினி.

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பெரிய உறையோடு வந்தார். எக்ஸ்ரே படம்.

"ஆப்பரேசனுக்கு முன்னாடி எடுக்கச் சொன்னேன். டாக்டரு காட்டுனாரு. இடுப்பு எலும்புல ஒரு கிண்ணம் இருக்கும், அதுக்குள்ள தொடை எலும்பு உருண்டையா ஒக்காரணும். இதுக்குக் கிண்ணம் தட்டு மாதிரி இருக்கு, பாருங்க. ஆனா தீட்டா நொண்டல. இது ஓடுது, குதிக்குது. நொண்டுனது அது பெத்த குட்டிங்க."

"அந்தப் பேரப்புள்ளைங்க," என்றாள் வாசுகி மெதுவாக.

இருளப்பன் தலையாட்டினார். "ஏழு குட்டி. எல்லாம் நான் கையில எடுத்துக் குடுத்தது. எட்டு மாசத்துல மொதல்ல கோலா கெத்தில்ல இருக்கறது பின்னங்கால இழுக்க ஆரம்பிச்சிச்சு. அப்புறம் பீடோங்ல ஒண்ணு. நாலுக்குக் கால் போச்சும்மா. ஞாயித்துக்கெழமை போயி எண்ண தேச்சு விடுவேன், அதுங்களுக்கு என்னைய அடையாளம் தெரியும், வால ஆட்டும், எந்திரிக்கப் பாக்கும். எந்திரிக்க முடியாது." நிறுத்தினார். "அலோர் ஸ்டார்ல ஐயாவோட தங்கச்சி மக தர்மிளா வீட்டுக்குக் குடுத்தது ஒண்ணு. அதுக்கு ரெண்டு காலும் போச்சு. ஊசி போட்டுத் தூங்க வெச்சாங்க. நான்தான் தலையப் புடிச்சிக்கிட்டேன்."

"அது லாரியில அடிபட்டுச்சுன்னு அங்கிள் நெனைக்கிறாரு," என்றாள் ஜெயந்தினி.

"தர்மிளாம்மா அப்படித்தான் சொன்னாங்க. டீச்சரம்மா கருமாதி முடிஞ்சி ரெண்டு வாரம். வேற என்னாத்தச் சொல்லுவாங்க?"

செல்லாயி கோப்பி கொண்டுவந்து வைத்தாள். யாரும் எடுக்கவில்லை.

"டீச்சருக்கு அந்தக் கண் மையி ரொம்பப் புடிக்கும்," என்றார் இருளப்பன். "அது மாறக் கூடாதுன்னு சொந்தத்துக்குள்ளயே சேத்தாங்க. தாத்தாவோட பேத்திய. நான் ஒரு வாட்டி படம் எடுத்துப் பாப்போம்மான்னேன். 'என்ட நாய்க்கு என்ன படம், இருளப்பன்'னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ரெண்டு பேரு கையெழுத்தும்மா. என்னோடதும் அதுல இருக்கு."

"டீச்சருக்குக் கடைசியிலயாவது தெரிஞ்சுதா?"

"ஆசுபத்திரியில படுத்துக்கிட்டு, குட்டிங்க எப்படி இருக்குன்னு கேப்பாங்க. எல்லாம் ஓடுதும்மான்னேன்." அவர் நாயின் காதுக்குப் பின்னால் தடவினார். "இப்ப ஐயா வந்து இன்னொரு வாட்டி சேப்போம்ங்கறாரு. வேணாம்னா ஏன்னு கேப்பாரு. ஏன்னு சொன்னா அது டீச்சர் தப்புன்னு ஆயிரும். அதான் காணோம்னுட்டேன். நீங்க போயி, அவன்தான் திருடன்னு சொல்லிருங்கம்மா. வீம்புக்கு அறுத்துட்டான்னு சொல்லுங்க. திருடன் நாளைக்கி மன்னிப்புக் கேட்டுக்கலாம். செத்தவங்க எங்கருந்தும்மா வந்து கேப்பாங்க?"

வாசுகி முகத்தைத் திருப்பி வயலைப் பார்த்துக்கொண்டாள்.

அப்படியே விட்டுவிடலாம் என்று ஜெயந்தினிக்குத் தோன்றியது. பொய் ஒன்றுதான், தாங்குகிறவரும் தயாராக நிற்கிறார். ஆனால் மனதில் ஏதோ நெருடியது. "சிக்மா எப்படிண்ணே?" என்று கேட்டாள்.

"அது நல்லா ஓடுதும்மா."

"தீட்டாவும் நல்லாத்தான் ஓடுது."

இருளப்பனின் கை நாயின் கழுத்தில் அப்படியே நின்றது. அவர் இதை யோசிக்காமலில்லை என்பது அந்தக் கையில் தெரிந்தது.

கைப்பேசி அடித்தது. முத்துக்குமாரு. ஜெயந்தினி எல்லோருக்கும் கேட்கும்படி அதை மேசையில் வைத்தாள்.

"பிள்ளை, கண்டுபிடிச்சீங்களோ? இல்லாட்டியும் பரவாயில்லை, அந்தரப்பட வேண்டாம். கோலா கெத்தில்ல பரஞ்சோதி எண்டொரு தம்பி, அவரிட்ட நல்ல பெட்டை நிக்குதாம். ஞாயிற்றுக்கிழமை சிக்மாவோட சேர்க்கக் கொண்டு வாறார். வாற குட்டியில ஒரு பெட்டை எனக்கு எண்டு பேசியாச்சு. இனித் தீட்டா கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டியும் சரி. ஞானத்தின்ட வழி நிக்கும்."

அழைப்பு முடிந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது கேட்டது.

"அண்ணே," என்றாள் செல்லாயி, இருளப்பனைப் பார்த்து. "இன்னும் எத்தன ஞாயித்துக்கெழமை போயி எண்ண தேப்ப?"

இருளப்பன் எழுந்து, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். "காடியில நாய ஏத்த விடுவீங்களாம்மா?"

"அன்னதானக் குழுவ ஏத்தலன்னா எனக்குல்ல பாவம் வரும்," என்றாள் வாசுகி. சொல்லிக்கொண்டே காடிக் கதவைத் திறக்கப் போனாள்.

*

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர்கள் போனபோது முத்துக்குமாரு வாசலில் செருப்பு மாற்றிக்கொண்டிருந்தார். தீட்டாவைப் பார்த்ததும் ஒரு செருப்போடு படியிறங்கி வந்தார். குனிந்து அவள் வயிற்றைத் தொடக் கை நீட்டி, சட்டையைப் பார்த்து நிறுத்தினார்.

"இதென்ன உடுப்பு?"

இருளப்பன் நாயின் கழுத்து வாரைப் பிடித்துக்கொண்டார். கூண்டுக்குள் சிக்மா தன் தாயைப் பார்த்து ஊளையிட்டான்.

"உள்ளுக்கு இருந்து கதைப்பம், அங்கிள்," என்றாள் ஜெயந்தினி.

சொல்லத் தொடங்கியது இருளப்பன். "ஐயா, நாய் காணாமப் போவல" என்பதோடு நிறுத்தினார். உறையை மட்டும் நீட்டினார். முத்துக்குமாரு படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஆயுள் முழுவதும் வரைபடங்களைப் பார்த்த கண். கிண்ணம் இருக்க வேண்டிய இடத்தில் கிண்ணம் இல்லை என்பதை யாரும் அவருக்கு விரல் வைத்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. மீதியை ஜெயந்தினி சொன்னாள். ஏழில் நான்கு. சொந்தத்துக்குள் சேர்த்தது. யானில் நடந்த ஆப்பரேசன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

அவர் படத்தைக் கீழே இறக்கவில்லை. "தர்மிளாவின்ட நாய்?"

"லாரி இல்லை, அங்கிள்."

"அப்ப அவளுக்குத் தெரியும். அவளின்ட புருசனுக்குத் தெரியும். கோலா கெத்தில் ஆக்களுக்குத் தெரியும்." எண்ணிக்கொண்டே போனார். "ஞானத்துக்கு?"

"தெரியாதுங்கய்யா," என்றார் இருளப்பன்.

முத்துக்குமாருவின் தோள் கொஞ்சம் இறங்கியது. அது நிம்மதியா, தனிமையா என்று ஜெயந்தினிக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தெரியாமல் இருந்தது இந்த வீட்டில் இரண்டு பேர்தான். அதில் ஒருவர் போய்விட்டார்.

"முழுகாமல் எண்டு ஏன் எழுதினாய்? நான் அதை நம்பி..." அவர் கண் கூடத்தின் மூலைக்குப் போனது. அங்கே தீட்டா முதல் ஈத்துக்குப் படுத்த மரப்பெட்டி புது வார்னிஷில் பளபளத்தது. "நான் அதை நம்பிப் பெட்டிக்கு வார்னிஷ் அடிச்சன்."

"ஐயா, நாயக் குளிப்பாட்டுறத நாங்க முழுக்குன்னுதான் சொல்லுவோம். டீச்சரம்மா சொல்றது அது. இன்னிக்கி ஆல்ஃபாவுக்கு முழுக்கு, இன்னிக்கி பீட்டாவுக்கு முழுக்குன்னு. தையலு காயற வரைக்கும் முழுக்கு இல்ல. அதான் எழுதி வெச்சேன்."

"எனக்கு அது தெரியாது," என்றார் முத்துக்குமாரு.

பிறகு இன்னும் மெதுவாக, "நான் ஒரு நாளும் பின்னுக்கு வரேல்லத்தானே," என்றார்.

ஜெயந்தினி தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போகும் நேரம் இது என்று அவள் தொழில் சொன்னது. அவள் எழவில்லை. இந்த முறை சொல்லிவிட்டு உடனே போய்விடக் கூடாது என்று இருந்தாள்.

முத்துக்குமாரு படத்தை உறைக்குள் போட்டுவிட்டுக் கேட்டார். "சிக்மாவுக்கும் படம் எடுக்க வேணும். என்ன?"

"எடுக்கணும்ங்கய்யா."

"படம் நல்லா இருந்தா?"

இருளப்பன் தீட்டாவைப் பார்த்தார். "இருந்தாலும் ரத்தத்துல இருக்கும்னாரு டாக்டரு. சேக்காம இருக்கறதுதான் நல்லதுன்னாரு."

"அப்ப ஞானத்தின்ட வழி..."

வாக்கியத்தை முடிக்க யாரும் அவருக்கு உதவவில்லை. அவரே கைப்பேசியை எடுத்தார். எண்ணைத் தேடி அழுத்தினார். மணி போய்க்கொண்டிருந்தபோது அதை ஜெயந்தினியிடம் நீட்டினார். அவள் கை நீட்டவில்லை. மறுபக்கம் குரல் கேட்டதும் அவர் அதைத் தன் காதுக்கே கொண்டுபோனார்.

"பரஞ்சோதி தம்பியோ? முத்துக்குமாரு கதைக்கிறன். ஞாயிற்றுக்கிழமை பெட்டையைக் கொண்டு வர வேண்டாம். இல்லை, சிக்மா இப்ப சுகமாத்தான் நிக்கிறான். இந்த வழியில ஒரு வருத்தம் இருக்கு, தம்பி. இடுப்பில. குட்டிகள் நடக்க மாட்டுதுகள்."

மறுபக்கம் ஏதோ கேட்டார்கள். அவர் நிமிர்ந்து இருளப்பனைப் பார்த்தார்.

"ஒருத்தரும் சொல்லேல்ல. நான்தான் சொல்லுறன். என்ட மனுசி வளர்த்த நாய்கள். நான் சொல்லாட்டி வேற ஆர் சொல்லுறது?"

அழைப்பு முடிந்தும் அவர் கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை. திரையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தூரத்தில் பிடித்தார். கண்ணில் நீர் நிறைந்திருந்ததால் எழுத்து அவருக்குப் பிடிபடவில்லை.

"போன வருசமும் ரெண்டு பேர் பெட்டையோட சேர்க்கச் சிக்மாவைக் கேட்டு வந்தவை," என்றார். "அந்த ஆக்களிட்டயும் குட்டிகள் இருக்கும். இப்ப எட்டு மாசம், ஒன்பது மாசம் இருக்கும்."

வாசுகி குனிந்து தீட்டாவின் தலையைத் தடவினாள்.

முத்துக்குமாரு சோபாவில் தள்ளி உட்கார்ந்து, கைப்பேசியை இருளப்பனிடம் கொடுத்தார். "முதல் ஆளின்ட பேர் சசிதரன். பாரு, இருக்கும். நம்பரை வாசி."

இருளப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்துகளின்மேல் விரலை வைத்துத் தேடத் தொடங்கினார்.